இரத்தப் பரிசோதனை எண்கள்: எச்சரிக்கையா, தீர்ப்பா?

2021ஆம் ஆண்டு ஆகஸ்டு மாதம் குளுவாங்கில் வசிக்கும் என் தாய்மாமாவுக்குக் கோவிட்-19 தொற்று உறுதியானது. அவருக்கு வயது 61. நீரிழிவு நோயும் உண்டு. இலேசான காய்ச்சலும் இருமலும் மட்டுமே இருந்ததால், வீட்டிலேயே தனிமைப்படுத்திக்கொள்ளும்படி கூறினர். ஆறாம் நாள் மதிப்பீட்டு மையத்துக்குச் சென்றபோதும், "எனக்கு ஒன்றுமில்லை, நன்றாகத்தான் இருக்கிறேன்" என்றே மாமா சொன்னார். மருத்துவர் அவர் சொன்னதைப் பொறுமையாகக் கேட்டார். விரல் நுனியில் மாட்டும் கருவியால் உயிர்வளி அளவைப் பார்த்தார். சிறிது தூரம் நடக்கச் சொல்லி மறுபடியும் பார்த்தார். இரத்தமும் எடுத்தார். முடிவு வந்ததும் மாமாவை உடனே மருத்துவமனைக்கு அனுப்பிவைத்தார். மறுநாள் இரவே மாமாவுக்கு மூச்சுத் திணறத் தொடங்கியது. அப்போது அவர் மருத்துவமனைப் படுக்கையில் இருந்ததால் உயிர்வளி உடனே கிடைத்தது. இரண்டு வாரங்களுக்குப் பிறகு அவர் நலமாக வீடு திரும்பினார்.

அதே மாதத்தில் எங்கள் குடியிருப்பில் இன்னொரு நிகழ்ச்சி நடந்தது. பாசிர் கூடாங்கில் ஒரு தொழிற்சாலையில் வேலை செய்யும் 24 வயது இளைஞர் ஒருவருக்கும் தொற்று ஏற்பட்டது. தொண்டை வலி, உடல் வலி தவிர அவருக்கு வேறு தொல்லை இல்லை. பயத்தில் அவர் தாமாகவே இரத்தப் பரிசோதனை செய்துகொண்டார். அறிக்கையில் ஒரு புரதத்தின் அளவு '12' என்று இருந்தது. '5-ஐத் தாண்டினால் ஆபத்து' என்று கைப்பேசியில் எங்கோ படித்திருந்தார். அவ்வளவுதான், தூக்கம் போயிற்று. வீட்டில் தாத்தாவின் ஆஸ்துமாவுக்காக வாங்கி வைத்திருந்த ஸ்டீராய்டு மாத்திரைகளை எடுத்து விழுங்கத் தொடங்கினார். இரண்டு நாள் கழித்துச் செய்தி அறிந்த குடும்ப மருத்துவர் அவரைக் கடிந்து நிறுத்தினார். நல்லவேளையாகத் தீங்கு ஏதும் நேரவில்லை.

இருவரும் செய்துகொண்டது ஒரே வகைப் பரிசோதனைதான். ஒருவருக்கு அது உயிர் காத்தது. மற்றவரையோ அது உயிருக்கே தீங்கு தேடிக்கொள்ளும் அளவுக்குக் கொண்டுபோனது. இந்த வேறுபாடு ஏன் வந்தது? இரத்தப் பரிசோதனை எண்களைக் கொண்டு நோயின் கடுமையை முன்கூட்டியே அறிய முடியுமா? முடியும் என்றால் எந்த அளவுக்கு நம்பலாம்? இவற்றைப் பற்றி என் கருத்தை இங்கு எடுத்துரைக்க விரும்புகிறேன்.

முதலில், இரத்தம் நமக்கு என்ன சொல்கிறது என்பதை அறிவோம். கிருமி உடலுக்குள் நுழைந்தவுடன் நம் எதிர்ப்பாற்றல் விழித்துக்கொள்கிறது. போராடும் அணுக்கள் சில வேதிப்பொருள்களை வெளியிட்டுக் கல்லீரலுக்குச் செய்தி அனுப்புகின்றன. கல்லீரல் உடனே ஒருவகைப் புரதத்தைப் பெருமளவில் உற்பத்தி செய்கிறது. அதற்கு 'சி-ரியாக்டிவ் புரதம்' என்று பெயர். 1930ஆம் ஆண்டில் அமெரிக்காவின் ராக்கஃபெல்லர் கழகத்தைச் சேர்ந்த டில்லெட், பிரான்சிஸ் என்னும் இரு மருத்துவ ஆய்வாளர்கள், நுரையீரல் அழற்சி கண்ட நோயாளிகளின் இரத்தத்தில் இதைக் கண்டறிந்தனர். அழற்சி தொடங்கிய சில மணி நேரத்திலேயே இதன் அளவு உயரும். அழற்சி அடங்கினால் ஓரிரு நாளில் இறங்கிவிடும். ஆகவே, இந்தப் புரதத்தை உடலுக்குள் எரியும் நெருப்பின் புகை எனலாம். புகை கூடினால் நெருப்பும் கூடியிருக்கலாம். ஆனால், நெருப்பு எங்கே எரிகிறது, எதனால் எரிகிறது என்பதைப் புகை சொல்லாது. பல்லில் சீழ் கட்டினாலும் மூட்டு வீங்கினாலும் இதே புரதம் உயரும்.

வேறு சில குறியீடுகளும் உள்ளன. நிணநீர் அணுக்கள் வெள்ளை அணுக்களில் ஒருவகை. வைரஸ் கிருமிகளை எதிர்ப்பதில் முன்னிற்பவை அவையே. கடுமையான கோவிட்-19 நோயில் அவற்றின் எண்ணிக்கை குறைந்துவிடுகிறது. 'டி-டைமர்' என்பது இரத்தக் கட்டிகள் கரையும்போது உண்டாகும் துணுக்கு. அதன் அளவு மிகுந்திருந்தால் உடலுக்குள் இரத்தம் உறைகிறதோ என்று மருத்துவர்கள் ஐயுறுவார்கள்.

இந்தக் குறியீடுகளின் பயனை உலகம் விரைவிலேயே உணர்ந்தது. 2020ஆம் ஆண்டு மார்ச் மாதத்தில் 'லான்செட்' மருத்துவ இதழில் ஓர் ஆய்வு வெளிவந்தது. சீனாவின் வூஹான் நகரில் இரண்டு மருத்துவமனைகளில் சிகிச்சை பெற்ற 191 நோயாளிகளைப் பற்றியது அது. அவர்களுள் 54 பேர் இறந்துவிட்டனர். மருத்துவமனையில் சேரும்போதே டி-டைமர் அளவு மிகுந்திருந்தவர்களுக்கு இறப்பு அபாயம் கூடுதலாக இருந்தது என அந்த ஆய்வு காட்டியது.

நம் நாட்டிலும் இத்தகைய ஆய்வு நடைபெற்றது. மலேசியாவின் முதல் கோவிட்-19 நோயாளிகள் 2020ஆம் ஆண்டு ஜனவரி 25ஆம் நாள் அறிவிக்கப்பட்டனர். அவர்கள் சீனாவிலிருந்து சிங்கப்பூர் வழியாக நம் ஜொகூர் மாநிலத்துக்குள் வந்த சுற்றுப்பயணிகள். அதன்பின், தொற்று கண்ட அனைவரையும், அறிகுறி இல்லாதவர்களையும்கூட, மருத்துவமனையில் சேர்க்கும் நடைமுறை அக்காலத்தில் இருந்தது. இதனால் நம் மருத்துவர்களுக்கு அரிய வாய்ப்பு ஒன்று கிடைத்தது. நோய் முற்றியவர்களோடு, நோய் இலேசாகக் கண்டவர்களையும் சேர்த்து அவர்களால் ஆராய முடிந்தது. அந்த ஆண்டு பிப்ரவரி முதல் மே வரை சேர்க்கப்பட்ட 5,889 நோயாளிகளின் விவரங்களை அவர்கள் தொகுத்தனர். சுங்கை பூலோ மருத்துவமனையின் தொற்றுநோய் வல்லுநர் டாக்டர் சுரேஷ் குமார் சிதம்பரமும் அவ்வாய்வுக் குழுவில் ஒருவர். நோயாளிகளுள் ஏறத்தாழ 92 விழுக்காட்டினருக்கு நோய் இலேசாகவே இருந்தது. இறந்தவர்கள் 1.2 விழுக்காட்டினர். 51 வயதும் அதற்கு மேலும், நாள்பட்ட சிறுநீரக நோய், நுரையீரல் நோய், மூச்சுத் திணறல், மார்பு ஊடுகதிர்ப் படத்தில் மாற்றம் ஆகியவற்றோடு, சி-ரியாக்டிவ் புரதத்தின் உயர்ந்த அளவும் கடுமையான நோய்க்கு அறிகுறி என அவர்கள் கண்டறிந்தனர்.

இங்கே ஒரு நுட்பத்தைக் கவனியுங்கள். உயர்ந்த அளவு என்று அவர்கள் குறித்தது 5 என்னும் எண்ணைத்தான். ஆனால், அது 100 மில்லிலிட்டர் இரத்தநீரில் 5 மில்லிகிராம். அதாவது ஒரு லிட்டரில் 50 மில்லிகிராம். எங்கள் குடியிருப்பு இளைஞரின் அறிக்கையில் இருந்ததோ லிட்டருக்கு 12 மில்லிகிராம். அது சாதாரணச் சளிக் காய்ச்சலிலும் வரக்கூடிய அளவு. அலகைப் பார்க்காமல் எண்ணை மட்டும் பார்த்ததால் அவருடைய அச்சம் பத்து மடங்காகிவிட்டது. அறிவியல் பாடத்தில், 'அலகு எழுதாத விடைக்கு மதிப்பெண் இல்லை' என்று ஆசிரியர் சொல்வது வெறும் கண்டிப்புக்காக அன்று.

இனி நாம் அலச வேண்டிய முக்கியமான கேள்விக்கு வருவோம். ஓர் ஊரில் கண்டறிந்த எண்ணை வேறோர் ஊரில் அப்படியே பயன்படுத்தலாமா? 2020ஆம் ஆண்டு மே மாதம் வூஹானைச் சேர்ந்த 485 நோயாளிகளின் விவரங்களைக் கணினிக்குக் கற்பித்து, ஒரு கணிப்பு முறையை ஆய்வாளர்கள் வெளியிட்டனர். மூன்றே மூன்று இரத்தக் குறியீடுகளைக் கொண்டு, யார் பிழைப்பார், யார் பிழைக்கமாட்டார் என்பதை 90 விழுக்காட்டுக்கு மேல் சரியாகச் சொல்லலாம் என்றனர். உலகமே அதை வியந்து பார்த்தது. ஆனால், நெதர்லாந்து, பிரான்ஸ், அமெரிக்காவின் நியூயார்க் ஆகிய இடங்களின் மருத்துவர்கள் அம்முறையைத் தங்கள் நோயாளிகளிடம் பொருத்திப் பார்த்தபோது, அது சொன்னபடி நடக்கவில்லை. பிழைத்தவர் பலரை அது இறப்பார் என்று கணித்திருந்தது.

ஏன் இப்படி ஆயிற்று? ஒரு காரணம் காலம். வூஹான் கணிப்பைச் சோதிக்கப் பயன்பட்டவை நோயாளியிடம் கடைசியாக எடுத்த இரத்த மாதிரிகள். எஸ்.பி.எம். தேர்வின் எல்லாத் தாள்களையும் எழுதி முடித்த மாணவரின் விடைகளைப் பார்த்து, அவர் தேறுவாரா என்று சொல்வது எளிது. முதலாம் படிவத்தில் அடியெடுத்து வைக்கும் நாளிலேயே அதைச் சொல்வதுதான் கடினம். மருத்துவமனைக்கு வேண்டியது இரண்டாவது வகைக் கணிப்பே.

மற்றொரு காரணம், யாரிடம் சோதிக்கிறோம் என்பது. ஒரு கணக்கைப் போட்டுப் பார்ப்போம். ஆபத்தில் இருக்கும் பத்துப் பேரில் ஒன்பது பேரைச் சரியாகக் கண்டுபிடித்து, ஆபத்தில் இல்லாத பத்துப் பேரில் ஒருவரை மட்டும் தவறாகச் சுட்டிக்காட்டும் பரிசோதனை ஒன்று இருப்பதாக வைத்துக்கொள்வோம். நல்ல பரிசோதனைதான். கடும் நோயாளிகள் நிறைந்த ஒரு கூடத்தில் 100 பேர் இருக்கிறார்கள், அவர்களுள் 30 பேர் ஆபத்தில் இருக்கிறார்கள் எனில், பரிசோதனை 34 பேரைச் சுட்டும். அவர்களுள் 27 பேர் உண்மையிலேயே ஆபத்தில் இருப்பவர்கள். அதே பரிசோதனையை ஒரு வட்டாரத்தில் இலேசான நோய் கண்ட 1,000 பேரிடம் செய்கிறோம். அவர்களுள் 10 பேர்தாம் ஆபத்தில் இருக்கிறார்கள் எனில், பரிசோதனை 108 பேரைச் சுட்டும். அவர்களுள் 9 பேரே உண்மையில் ஆபத்தில் இருப்பவர்கள். மற்ற 99 பேர் வீணாகக் கலங்குவார்கள். பரிசோதனை மாறவில்லை. பரிசோதிக்கப்பட்ட மக்கள்தாம் மாறினர்.

ஆகவே, பிற நாட்டு எண்களை இரவல் வாங்கி நம் மக்களுக்குத் தீர்ப்பு எழுதக்கூடாது என்பது என் உறுதியான கருத்து. நம் மக்களின் உடல்நிலை வேறு. 2019ஆம் ஆண்டின் தேசியச் சுகாதார ஆய்வின்படி மலேசியாவில் வயதுவந்தோரில் ஏறத்தாழ ஐவரில் ஒருவருக்கு நீரிழிவு நோய் இருந்தது. இந்தியச் சமூகத்தில் இது பத்தில் மூவர் என்னும் அளவுக்கு உயர்ந்திருந்தது. நீரிழிவு உள்ளவருக்குக் கோவிட்-19 கடுமையாகும் வாய்ப்பு அதிகம். எனவே, நம் குடும்பங்களுக்குப் பொருந்தும் எண்ணை நம் மருத்துவமனைகளில் திரட்டிய விவரங்களைக் கொண்டே சரிபார்க்க வேண்டும்.

"அப்படியானால் இரத்தப் பரிசோதனையே வேண்டாமா?" என்று நீங்கள் கேட்கலாம். நான் அப்படிச் சொல்லவில்லை. என் மாமாவின் உயிரைக் காத்ததில் அதற்கும் பங்கு உண்டு. பிரிட்டனில் 260 மருத்துவமனைகளைச் சேர்ந்த 57,000-க்கும் மேற்பட்ட நோயாளிகளின் விவரங்களைக் கொண்டு '4சி' என்னும் மதிப்பெண் முறையை உருவாக்கிச் சோதித்தனர். அதில் எட்டுக் கூறுகள் உள்ளன. வயது, பால், உடன் இருக்கும் நோய்கள், மூச்சு வேகம், உயிர்வளி அளவு, நினைவு நிலை ஆகிய ஆறும் நோயாளியின் அருகில் இருந்தே அறியக்கூடியவை. இரத்தத்திலிருந்து பெறுபவை இரண்டே. ஒன்று யூரியா, மற்றொன்று சி-ரியாக்டிவ் புரதம். ஆயிரக்கணக்கானோரிடம் சரிபார்த்த பிறகும் இரத்தம் தனியாக முடிவு சொல்லவில்லை, மற்றவற்றோடு சேர்ந்தே சொல்கிறது என்பதை நாம் உணர வேண்டும்.

சிகிச்சையிலும் இவ்வாறே. பிரிட்டனில் நடந்த 'ரிக்கவரி' ஆய்வு, உயிர்வளி தேவைப்படும் நோயாளிகளிடையே ஸ்டீராய்டு மருந்து இறப்பைக் குறைக்கிறது என 2020ஆம் ஆண்டு ஜூன் மாதத்தில் அறிவித்தது. உயிர்வளி தேவைப்படாதவர்களுக்கு அதனால் நன்மை இல்லை என்பதையும் அதே ஆய்வு காட்டியது. பின்னர், டோசிலிசுமாப் என்னும் மருந்தை, உயிர்வளி குறைந்தும் சி-ரியாக்டிவ் புரதம் லிட்டருக்கு 75 மில்லிகிராமுக்குக் குறையாமலும் இருந்த 4,116 பேரிடம் சோதித்தனர். வழக்கமான சிகிச்சை மட்டும் பெற்றவர்களுள் 35 விழுக்காட்டினர் 28 நாளுக்குள் இறந்தனர். இம்மருந்தையும் சேர்த்துப் பெற்றவர்களுள் இது 31 விழுக்காடாகக் குறைந்தது. இங்கும் எண் தனித்து நிற்கவில்லை. நோயாளியின் மூச்சோடு சேர்ந்தே அது பேசியது.

எண்ணைத் தனியே நம்பியதன் விளைவை இந்தியாவில் கண்டோம். 2021ஆம் ஆண்டு மே மாதத்தில், இலேசான நோய் உள்ளவர்கள் தேவையின்றி இரத்தப் பரிசோதனைகள் செய்து, உயர்ந்த எண்களைக் கண்டு அஞ்சி, தொடக்கத்திலேயே ஸ்டீராய்டு எடுத்துக்கொள்வது தீங்காகும் என்று அகில இந்திய மருத்துவ அறிவியல் கழகத்தின் அப்போதைய இயக்குநர் டாக்டர் ரன்தீப் குலேரியா எச்சரிக்க நேர்ந்தது. எங்கள் குடியிருப்பு இளைஞர் தனி ஒருவர் அல்லர்.

இதற்கு மாறான கருத்து உடையோரும் உள்ளனர். "எண்ணுக்கு ஓரவஞ்சனை தெரியாது. அது ஏழை, பணக்காரர் என்று பாராது. களைத்துப்போன மருத்துவரின் ஊகத்தைவிட அதை நம்பலாம்" என்பது அவர்களின் வாதம். இதில் உண்மை இல்லாமல் இல்லை. 2021ஆம் ஆண்டின் நடுப்பகுதியில் நம் நாட்டு மருத்துவமனைகள் நிரம்பி வழிந்தன. வீட்டிலேயே உயிரிழந்தோரின் எண்ணிக்கையைச் சுகாதார அமைச்சு தனியே அறிவிக்கும் நிலையும் வந்தது. ஒரே படுக்கைக்கு இருவர் காத்திருக்கும்போது, அனைவருக்கும் பொதுவான ஓர் அளவுகோல் வேண்டும் என்று கேட்பதில் தவறில்லை. ஆனால், அளவுகோலே கோணலாக இருந்தால், அது எல்லாரையும் ஒரே மாதிரி தவறாக அளக்கும். அது நீதியாகாது. அளவுகோலை முதலில் நம் மண்ணில் சரிபார்ப்போம். பிறகு அதை மருத்துவரின் கையில் கொடுப்போம். மருத்துவரின் இடத்தில் அதை உட்காரவைக்க வேண்டாம்.

நம் சுகாதார அமைச்சின் வழிகாட்டி இதற்கு நல்ல எடுத்துக்காட்டு. அது நோயை ஐந்து நிலைகளாகப் பிரித்தது. அறிகுறி இல்லாதவர் முதல் நிலை. சுவாசக் கருவி தேவைப்படுவோர் போன்ற மிகக் கடுமையான நோயாளிகள் ஐந்தாம் நிலை. இந்நிலைகளை முடிவு செய்தவை நோயாளியின் அறிகுறி, நுரையீரல் அழற்சி, உயிர்வளித் தேவை ஆகியவை. குறைந்துவரும் நிணநீர் அணுக்களும் உயர்ந்துவரும் சி-ரியாக்டிவ் புரதமும் எச்சரிக்கைக் குறிகளாகச் சேர்க்கப்பட்டன. 'குறைந்துவரும்', 'உயர்ந்துவரும்' என்னும் சொற்களை உற்றுநோக்குங்கள். ஒருநாள் எண் ஒரு நிழற்படம் போன்றது. அடுத்தடுத்த நாள்களின் எண்கள் சேர்ந்தால்தான் நோய் எத்திசையில் போகிறது என்பது தெரியும். டிங்கிக் காய்ச்சல் கண்டவரின் இரத்தத் தட்டணுக்களை நாள்தோறும் பார்ப்பதும் இதனால்தான்.

திருக்குறளில் 'மருந்து' என்னும் அதிகாரத்தில், மருத்துவர் நோயாளியின் நிலை, நோயின் அளவு, காலம் ஆகிய மூன்றையும் ஆராய்ந்து செயல்பட வேண்டும் என்று வள்ளுவர் கூறியுள்ளார். இரத்தப் பரிசோதனை எண் நோயின் அளவை ஓரளவு காட்டும். நோயாளியின் நிலையையும் காலத்தையும் அறிய, அருகில் அமர்ந்து கேட்கும் ஒருவர் வேண்டும். என் மாமாவுக்கு அந்த மூன்றும் கிடைத்தன. இளைஞருக்குக் கிடைத்ததோ ஓர் எண் மட்டுமே.

மாணவர்களே, நாளை உங்கள் வீட்டில் யாருக்கேனும் இரத்தப் பரிசோதனை அறிக்கை வரலாம். தாத்தாவோ பாட்டியோ அதை உங்களிடம் நீட்டி, "என்ன போட்டிருக்கிறது, பார்த்துச் சொல்" என்று கேட்கலாம். அப்போது எண்ணை மட்டும் படித்துச் சொல்லாதீர்கள். அதன் அலகைப் பாருங்கள். எந்த நாளில் எடுத்தது, அதற்கு முந்தைய அளவு என்ன என்று கேளுங்கள். மூச்சு எப்படி இருக்கிறது, உணவு செல்கிறதா, நடக்க முடிகிறதா என்று விசாரியுங்கள். பிறகு, அறிக்கையையும் அவரையும் சேர்த்தே மருத்துவரிடம் அழைத்துச் செல்லுங்கள். உங்களுள் சிலர் மருத்துவராகவோ தாதியராகவோ ஆய்வாளராகவோ வரலாம். நம் மக்களுக்குப் பொருந்தும் அளவுகோலை உருவாக்கும் பணி உங்களுக்காகக் காத்திருக்கிறது. இரத்தம் தரும் எச்சரிக்கையை மதிப்போம். தீர்ப்பு சொல்லும் பொறுப்பை அந்த எண்ணிடம் ஒப்படைக்க வேண்டாம்.